ஏணி இலக்கம் நான்கு

ஒரு மனிதன் ஆறடி எட்டங்குலம் வளர்வதற்கு இந்த நாட்டில் எவருடைய அனுமதியும் தேவையில்லை. வளர்ந்த பிறகு அவனுக்கு ஒரு வேலை கொடுப்பதற்குத்தான் குழு தேவை.

கரையோரக் களஞ்சியக் கூட்டுத்தாபனம் இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்த நிறுவனம். அதன் களஞ்சியங்கள் கொச்சிக்கடையில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. தலைமையகம் பத்துக் கிலோமீற்றர் தள்ளி, வெள்ளவத்தையில், கடற்காற்று வரும் பக்கமாக இருக்கிறது. களஞ்சியத்துத் தூசு காகிதக் கோவைகளில் படியக்கூடாது என்பது காரணம். கோவைகளில் இப்போது படிந்திருப்பது தலைமையகத்தின் சொந்தத் தூசு.

கூட்டுத்தாபனத்துக்கு ஒரு கூடைப்பந்தாட்ட அணியும் உண்டு. அது ஏன் உண்டு என்று எவருக்கும் தெரியாது. அதைக் கலைப்பதற்கு ஒரு குழு அமைக்க வேண்டியிருந்தபடியால் அது தொடர்ந்து இருந்துவந்தது. அரச நிறுவனங்களுக்கிடையிலான கிண்ணப் போட்டியில் பதினொரு வருடமாக முதற்சுற்றிலேயே தோற்று, வீரர்களை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தது. பன்னிரண்டாவது வருடம், முன்னறிவித்தல் எதுவும் இல்லாமல், வெல்லத் தொடங்கியது.

காரணம் யோகராஜ். வயது இருபத்திரண்டு. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒற்றை அறையில் தாய் அங்கம்மாவோடு இருந்தான். மூலைக்கு மூலை குறுக்காகப் படுத்தால்தான் அந்த அறையில் அவனால் கால் நீட்ட முடியும். அவன் கால் நீட்டிய பிறகு அங்கம்மாவால் கதவைத் திறக்க முடியாது. களஞ்சியத்தில் மூட்டை தூக்கும் தற்காலிக ஊழியனாக, அதாவது 'அமைய' ஊழியனாக, அவனை எடுத்திருந்தார்கள். மேல்தட்டில் இருந்த பெட்டியொன்றை அவன் எதிலும் ஏறாமல், சட்டைப்பையிலிருந்து பேனா எடுப்பதுபோல எடுத்துக்கொண்டிருந்ததை ஒருநாள் ரிஸ்கான் கண்டார். ரிஸ்கான் சம்பளத்துக்குக் களஞ்சியக் காப்பாளர். சம்பளமில்லாமல் அணியின் பயிற்றுநர். பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பந்தைக் கையில் கொடுத்தார்.

கூடைப்பந்தில் வளையத்தடியில் நிற்பதற்கு ஒரு நெடியவன் வேண்டும். எதிரணி எறியும் பந்தைத் தட்டிவிடுவதும், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எல்லோருக்கும் மேலாக எட்டிப் பிடிப்பதும், வாய்ப்புக் கிடைத்தால் தானே உள்ளே போட்டுவிடுவதும் அவன் வேலை. யோகராஜ் இவற்றை அலட்டிக்கொள்ளாமல் செய்தான். ஒன்பது ஆட்டங்களில் எட்டு வெற்றி. ஏப்ரல் ஐந்தாந் திகதி, கயிற்றுக் கைத்தொழில் சபையோடு இறுதி ஆட்டம்.

இதில் ஒரு சிறு சிக்கல் இருந்தது. யோகராஜின் அமைய நியமனம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு வேலை முகவர் டோஹாக் களஞ்சியமொன்றுக்கான விசாவை வைத்துக்கொண்டு, அதே முப்பத்தொன்றுக்குள் கடவுச்சீட்டைத் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தார். யோகராஜுக்குப் போக விருப்பமில்லை. டோஹாவிலும் மேல்தட்டுகள் இருந்தன. பந்து இருக்குமா என்பதற்கு முகவர் உறுதி சொல்லவில்லை.

ஆகவே ரிஸ்கான், யோகராஜுக்கு இரண்டு வருட ஒப்பந்தம் வழங்குமாறு தலைமையகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தலைமையகம் மின்னல் வேகத்தில் செயற்பட்டது. ஏழு வாரத்தில் குழு அமைந்துவிட்டது.

தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு என்பது அதன் பெயர். தலைவர், பிரதிப் பொது முகாமையாளர் நமசிவாயம். டிசம்பரில் அறுபது வயதாகி ஓய்வுபெற வேண்டியவர். அதை எவரும் நினைவூட்டுவதை விரும்பாதவர். வாழ்நாளில் ஒரு பந்தையும் தொட்டதில்லையாதலால் பக்கச்சார்பற்றவர். இரண்டாவது உறுப்பினர், உள்ளகக் கணக்காய்வாளர் சுபோதினி. மூன்றாமவர் வெளிவாரி நிபுணர் சிவக்கொழுந்து. அவர் ரொறொன்ரோவில் இருபத்தெட்டு வருடம் இருந்து திரும்பியவர். அந்த நகரத்து அணி ஒருமுறை சம்பியனானபோது அவரும் அங்கே, விளையாட்டரங்குக்கு மிக அருகில், வாகனத் தரிப்பிடத்தில் கடமையில் இருந்தார். அன்றிலிருந்து அவரிடம் கூடைப்பந்து பற்றிக் கேட்காதவர்களுக்கும் அவர் சொல்லிவந்தார்.

முதலாவது கூட்டத்தில் சுபோதினி, யோகராஜின் ஆட்டப் புள்ளிவிவரத்தைச் சிவப்புப் பேனாவோடு புரட்டினார்.

"ரிஸ்கான், இதில 'தடுத்த எறிகள் நாப்பத்தொண்டு' எண்டு கிடக்கு. ஆரைத் தடுத்தவர்?"

"எதிர் டீம் ஆக்கள, மிஸ்."

"அவையும் அரச ஊழியர்தானே?"

"அரச ஊழியர்தான்."

"அப்ப, அரச ஊழியர் தங்கட கடமையைச் செய்யிறதுக்கு நாப்பத்தொரு தரம் இடைஞ்சல் குடுத்திருக்கிறார். அதை நீங்கள் 'திறமைகள்' எண்ட தலைப்புக்குக் கீழ எழுதியிருக்கிறீங்கள்."

நமசிவாயம் கண்ணாடியை ஏற்றிவிட்டார். "உது கிடக்கட்டும். 'மீளப்பெற்ற பந்துகள் நூற்றிருபத்தாறு.' அது என்ன?"

"ஆராச்சும் எறிஞ்சு வளையத்தில விழாமப் போன பந்த, இவன் எட்டிப் புடிக்கிற, சேர்."

"மற்றவன் பிழை விடுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டு, பிழை விட்ட உடன பாயிறது."

"அப்பிடியும் சொல்லேலும், சேர்."

"அதுக்கு எங்களிட்டை ஏற்கெனவே கணக்காய்வுப் பகுதி இருக்கே," என்றார் நமசிவாயம். சுபோதினி இதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கவில்லை.

பிறகு ஒரு ஆட்டத்தின் வீடியோ போட்டுக் காட்டப்பட்டது. நமசிவாயம் ஒரே ஒரு விஷயத்தில்தான் அக்கறை காட்டினார். எதிரணியின் வளையத்தடியில் யோகராஜ் போய் நிற்பதும், உடனே விலகுவதும், மறுபடி வந்து நிற்பதும் ஏன் என்று கேட்டார்.

"அந்த எடத்தில மூணு செக்கனுக்கு மேல நிக்கப்படாது, சேர். சட்டம்."

"மூண்டு செக்கனோ?" நமசிவாயத்தின் முகம் வாடிவிட்டது. அவர் தம்முடைய இடத்தில் முப்பத்தொரு வருடமாக இருக்கிறார். "மூண்டு செக்கனுக்குள்ள ஒரு மனுசன் எப்பிடி ஒரு தீர்மானத்துக்கு வாறது?"

இவ்வளவும் இருந்தும் குழு நீதியாக நடந்துகொண்டது. யோகராஜுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றுநான்கு புள்ளி வழங்கியது. குறைந்த ஆறு புள்ளி, மதிப்பீட்டுப் படிவத்தில் 'கோவைகளைத் தாமதமின்றித் தீர்த்தல்' என்ற பகுதிக்குரியது. அவனிடம் கோவை எதுவும் இருக்கவில்லை.

ஆனால் விதிக்கோவையில் 'நெடியவர்' என்றொரு பதவி இல்லை. இல்லாத பதவிக்கு ஆளை நியமிக்க முடியாது. ஆள் வேண்டும், பதவி இல்லை என்றால் கொள்வனவு செய்யலாம். கொள்வனவு செய்வதானால் மூன்று விலைமனு வேண்டும்.

"மூணு பேருக்கு எங்க போற, சேர்?" என்றார் ரிஸ்கான். "இந்த ஒயரத்தில கொழும்பில இவன் ஒத்தன்தான் ஈக்கான்."

நமசிவாயம் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "ரிஸ்கான், நீர் எத்தினை வரியமாக் களஞ்சியத்தில? போன வரியம் விளக்குமாறு வாங்கேக்க மூண்டு விலை எங்கயிருந்து வந்தது?"

ரிஸ்கானுக்கு விளங்கிவிட்டது. எங்கள் அலுவலகங்களில் பணியாற்றிய எவருக்கும் விளங்கும். வாங்கப்போகிறவனிடம் ஒரு விலை. மற்ற இரண்டு விலையும் அவனைவிடக் கூடுதலாக, அவனுடைய சிநேகிதர்களிடமிருந்து. மூன்றையும் ஒருவரே எழுதலாம். பேனாவை மாற்றினால் போதும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் திறந்த போட்டி.

விளம்பரம் முறைப்படி அறிவித்தற் பலகையில் தொங்கியது. 'நெடியவர் ஒருவர், ஆறடி எட்டங்குலம் அல்லது அதற்குச் சமமானது.' கடைசி மூன்று சொற்களையும் சேர்க்காமல் எந்தப் பொருளையும் கோரக் கூடாதென்று சுற்றறிக்கை இருக்கிறது. தண்ணீர்ப் பம்பிக்காக எழுதப்பட்ட சுற்றறிக்கைதான். ஆனால் மனிதருக்குப் பொருந்தாதென்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை.

ரிஸ்கான் இரண்டு சிநேகிதர்களைப் பிடித்தார். ஒருவர் தலைமையகத்துச் சாரதி. மற்றவர் தாபனக் கிளையில் புதிதாகச் சேர்ந்த எழுதுவினைஞர் கிஷாந்த். உயரம் ஐந்தடி மூன்றங்குலம். "யோகராஜ் போட்டதவிடக் கூடப் போடுங்கொ, அவ்வளவுதான்," என்று சொல்லி ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். சாரதி இருபது வருட அனுபவசாலி. படிவத்தை வாசிக்காமலே ஒரு பெரிய தொகையைப் போட்டு ஒட்டிவிட்டார்.

கிஷாந்த் படிவத்தை வாசித்துவிட்டார்.

அதற்கு முந்திய மாதம் கூட்டுத்தாபனத்தில் நேர்மை வாரம் நடந்திருந்தது. கிஷாந்துக்கு ஒரு சான்றிதழும் சட்டையில் குத்தும் சின்னமும் கிடைத்திருந்தன. 'கோரும் தொகைக்கான நியாயங்கள்' என்ற இடத்துக்கு வந்தபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். தனக்கு விசேட அளவில் சப்பாத்துத் தைப்பிக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்துப் பெனியன் இன்னும் அளவு. சாப்பாடும் கொஞ்சம். உண்மையாகக் கணக்குப் பார்த்து, யோகராஜ் கேட்டதில் மூன்றிலொரு பங்கை எழுதி, ஒட்டி, பெட்டிக்குள் போட்டார்.

மார்ச் இருபத்துநான்காந் திகதி, ரிஸ்கானும் கிஷாந்தும் பார்த்திருக்க, பெட்டி திறக்கப்பட்டது. நமசிவாயம் மூன்றாவது கடிதவுறையை வாசித்து முடித்ததும் ரிஸ்கான் கதிரையோடு கிஷாந்தின் பக்கம் திரும்பினார்.

"கிஷாந்த், என்ன வேல பாத்து வெச்சீக்கீங்க?" என்றார் ரிஸ்கான்.

"ரிஸ்கான் நானா, பொய்க்கணக்கு எழுதக் கூடாதெண்டு நேர்மை வாரம் முழுக்கச் சொன்னவையெல்லே."

"சேர், இவர் அஞ்சடி மூணு. விளம்பரத்தில ஆறடி எட்டு," என்று ரிஸ்கான் நமசிவாயத்திடம் முறையிட்டார்.

"'அல்லது அதற்குச் சமமானது'," என்றார் சுபோதினி.

"ஒண்டரை அடி கொறவு, மிஸ். எப்பிடிச் சமம்?"

"அது தொழில்நுட்பக் கேள்வி. நிபுணர்தான் சொல்ல வேணும்."

சிவக்கொழுந்து முதலாவது கூட்டத்திலிருந்து இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார். கைக்கணினியை மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். அதில் ஒரு கோடு மேலிருந்து கீழே இறங்கியது.

"உலகம் முழுக்க நெடியவன்ர காலம் முடிஞ்சுது. ஐஞ்சு பேரும் வெளியில நிண்டு தூர இருந்து எறியிறதுதான் இப்ப பாஷன். ரொறொன்ரோவில சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வளையத்தடியில ஆளை நிப்பாட்டினால் சிரிப்பினம்."

"இது எதின்ர கோடு?" என்று நமசிவாயம் கேட்டார்.

"போக்கு."

"எதின்ர போக்கு?"

"அது வேற பைலில கிடக்கு."

ரிஸ்கான் விடவில்லை. "சரி, தூர இருந்து எறியிறதுதான் பாஷன். கிஷாந்துக்கு எறியத் தெரியுமா?"

"அது வேற கேள்வி," என்றார் சிவக்கொழுந்து. "எறியத் தெரியாட்டியும் அவர் நவீனம்."

யோகராஜைக் கூப்பிட்டு, ஒப்பந்தம் கிஷாந்துக்கே என்ற முடிவைச் சொன்னார்கள். அவன் கதவுநிலையில் குனிந்து உள்ளே வந்து, குனிந்தபடியே நின்றான். அந்த அறையில் மின்விசிறி தாழ்வு.

"சார், என் ஆட்டத்துல ஏதும் குறை இருக்குங்களா?"

"ஒரு குறையும் இல்லைத் தம்பி. உமக்குத் தொண்ணூற்றுநாலு புள்ளி. கிஷாந்துக்கு முப்பத்தொண்டு."

"அப்புறம் எப்படிங்க சார்?"

"முப்பது எடுத்தாலே தகுதி. தகுதி வந்தாப் பிறகு புள்ளியைப் பாக்கிறேல்லை. விலையைத்தான் பாக்கிறது." நமசிவாயத்தின் குரலில் உண்மையான பரிவு இருந்தது. "நீர் இன்னும் கொஞ்சம் மோசமா விளையாடி, இன்னும் கொஞ்சம் குறைச்சுக் கேட்டிருக்கலாம்."

"டோஹாவுக்கு அவன் போனா, அஞ்சாந் திகதி ஃபைனல் எப்பிடி வெல்லுற, சேர்?" என்றார் ரிஸ்கான்.

"வெல்லுறது இந்தக் குழுவின்ர நியதிகளுக்குள்ள வராது," என்று சொல்லி நமசிவாயம் கூட்டத்தை முடித்தார்.

மார்ச் முப்பத்தொன்று விடிந்தது. யோகராஜ் கடவுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, களஞ்சியத்தில் சொல்லிவிட்டுப் போக வந்தான். போகிற வழியில் முகவரைக் காண்பது ஏற்பாடு.

அன்றுதான் வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பும். களஞ்சியத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்க்கும் நாள் அது. எண்ண வருவது சுபோதினி. பதிவேட்டில் ஏணி நான்கு. களஞ்சியத்தில் ஏணி மூன்று. நான்காம் இலக்க ஏணியை ஆறு வருடமாக எவரும் கண்டதில்லை. வேறு களஞ்சியங்களில் வழக்கமாகச் செய்வதுபோல, ரிஸ்கானும் கணக்கெடுப்பு நாளில் பக்கத்துக் களஞ்சியத்து ஏணியை இரவலாக வாங்கிச் சுவரில் சாத்தி வைப்பார். இரவல் ஏணியில் வேறு நிற இலக்கம் இருந்தபடியால், சுபோதினி ஒவ்வொரு வருடமும் விளக்கம் கேட்டு ஓர் ஐயவினா எழுதுவார். இந்த வருடம் பக்கத்துக் களஞ்சியம் தங்களுக்கும் அன்றே கணக்கெடுப்பு என்று கையை விரித்துவிட்டது.

வாசலில் சுபோதினியின் வாகனம் நின்ற சத்தம் கேட்டது. ரிஸ்கான் அங்குமிங்கும் பார்த்தார். எதிரே யோகராஜ் நின்றான்.

"மவன், ஒரு ஒதவி. அந்தச் செவத்தோட சாஞ்சி நில்லு."

"எவ்வளவு நேரம் சார்?"

"மிஸ் போறவரைக்கும்."

சுபோதினி முதலாம், இரண்டாம், மூன்றாம் ஏணிகளைச் சரி போட்டுக்கொண்டு வந்து, யோகராஜுக்கு முன்னால் நின்றார்.

"இது என்ன?"

"ஏணி, மிஸ். எலக்கம் நாலு."

சுபோதினி அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கீழிருந்து மேலாகவும் பார்த்தார். இப்படியான சந்தர்ப்பத்தில் உணர்ச்சிவசப்படாமல் விதிகளைப் பார்ப்பவர்தான் கணக்காய்வாளர். பதிவேட்டின் வியாக்கியானப் பகுதியைத் திறந்தார். 'ஏணி: மேல்தட்டுப் பொருட்களைக் கீழே இறக்குவதற்குப் பயன்படுவது.'

"அந்தப் பெட்டியை இறக்கச் சொல்லுங்கோ."

யோகராஜ் இறக்கினான்.

"மத்த ஏணியில ஆள் ஏற ஓணும், மிஸ்," என்றார் ரிஸ்கான். "இதுக்கு அதுவும் தேவையில்ல."

சுபோதினி சற்று நேரம் பேனாவைக் கடித்தார். ஏணி இருக்கிறது என்று எழுதினால் ஆறு வருடமாகத் திறந்து கிடக்கும் ஐயவினா மூடப்படும். ஒரு ஐயவினா மூடப்படும்போது கணக்காய்வாளருக்கு ஏற்படும் நிம்மதியை மற்றவர்களுக்கு விளங்கப்படுத்த முடியாது. 'ஏணி இலக்கம் 4: கண்டெடுக்கப்பட்டது. நிலை: நன்று' என்று எழுதினார். பதிவு விதிப்படி, யோகராஜின் சப்பாத்துக் குதியில் வெள்ளைப் பெயின்ற்றால் இலக்கம் எழுதப்பட்டது. மறுநாள் நமசிவாயம் அறிக்கையில் கையொப்பமிட்டார். முதற்பக்கத்தில் கையொப்பமிடும்போது மற்றப் பக்கங்களை வாசிப்பது அவருடைய வழக்கமல்ல.

முகவர் மாலைவரை பார்த்துவிட்டுத் தொலைபேசி எடுத்தார். அரசாங்க உடைமையை அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது என்று ரிஸ்கான் விளங்கப்படுத்தினார்.

ஏப்ரல் ஐந்தாந் திகதி கயிற்றுக் கைத்தொழில் சபை எதிர்ப்புத் தெரிவித்தது. யோகராஜ் கூட்டுத்தாபனத்தின் ஊழியனல்லன் என்பது அவர்கள் வாதம். போட்டி விதிகளைப் புரட்டிப் பார்த்தார்கள். 'வீரர்கள் அந்தந்த நிறுவனத்துக்கு உரியவர்களாக இருத்தல் வேண்டும்' என்று மட்டும் இருந்தது. ரிஸ்கான் பதிவேட்டின் பிரதியை நீட்டினார். கயிற்றுச் சபையின் வீரர்கள் அங்கே வேலை செய்பவர்கள் மாத்திரமே. நாளைக்கே விலகிப் போகலாம். யோகராஜோ கூட்டுத்தாபனத்தின் சொத்து. மைதானத்தில் நின்ற பத்துப் பேரில் தன் நிறுவனத்துக்கு முழுமையாக உரியவன் அவன் ஒருவனே என்று நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

களஞ்சியக் கூட்டுத்தாபனம் அறுபத்துநாலுக்கு ஐம்பத்தொன்று என்று வென்றது. ஏணி முப்பத்தொரு புள்ளி எடுத்தது. கிண்ணத்தை, ஒப்பந்தப்படி நெடியவரான கிஷாந்த் பெற்றுக்கொண்டார். அவர் ஆட்டம் முழுவதும் மைதானத்தின் ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஒரு பந்தையும் தவறவிடவில்லை, ஒரு தவறும் இழைக்கவில்லை என்று மதிப்பீட்டுக் குழு அவருக்குத் தொண்ணூற்றெட்டுப் புள்ளி வழங்கியது. கோவைகளையும் அவர் தாமதமின்றித் தீர்த்திருந்தார். சிவக்கொழுந்து, உலகப் போக்கு ஏணிப் பக்கம் திரும்புவதாகத் தாம் முன்பே சொன்னதை நினைவூட்டி, மேல்நோக்கிப் போகும் ஒரு கோட்டைக் காட்டினார். அது பழைய கோடுதான். கைக்கணினியைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்திருந்தார்.

யோகராஜுக்கு இப்போது சம்பளம் இல்லை. ஏணிக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. ஆனால் பராமரிப்புச் செலவு உண்டு. அதற்கு உச்ச வரம்பு விதிக்க எவரும் நினைத்திருக்கவில்லை. அமைய ஊழியனை மாதக் கடைசியில் நிறுத்தலாம், ஒப்பந்தக்காரனை இரண்டு வருடத்தில் அனுப்பலாம். பதிவேட்டில் ஏறிய ஏணியை அகற்றுவதானால் அது உடைந்திருக்க வேண்டும், உடைந்ததை மூவர் கொண்ட சபை நேரில் பார்க்க வேண்டும். மாலையில் வீட்டுக்குப் போவதற்கு மட்டும் வாசற்சீட்டு வேண்டும். ஒவ்வொரு நாளும் கொட்டாஞ்சேனையில் அங்கம்மா அதில் கையொப்பமிடுவார்: 'ஏணி ஒன்று, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' எந்தத் தாயும் தன் மகனைப் பற்றி இப்படி நாளாந்தம் எழுத்தில் உறுதிப்படுத்தியதில்லை.

இந்தச் செய்தி மெல்ல மெல்லப் பத்துக் கிலோமீற்றர் பயணம் செய்து வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

நவம்பர் கடைசியில் ஒரு காலை, நமசிவாயம் முப்பத்தொரு வருட சேவையில் முதற்தடவையாகக் கொச்சிக்கடைக் களஞ்சியத்துக்கு வந்தார். சேவை நீடிப்புக்கு அவர் எழுதிய மூன்று கடிதமும் திரும்பி வந்திருந்தன. தூசுக்குக் கைலேஞ்சியை மூக்கில் பிடித்துக்கொண்டு, தட்டுகளுக்கிடையே நடந்தார்.

"சும்மாதான் வந்தனான், ரிஸ்கான்."

"இரிங்கொ, சேர்."

"இல்லை, நிக்கிறன்." சுற்றிலும் பார்த்தார். குரல் தணிந்தது. "உம்மட பதிவேட்டில வேற ஏதும் காணாமல் போயிருக்கோ? அலுமாரி, கிலுமாரி?"

ரிஸ்கான் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அவசரப்படவில்லை.

"அலுமாரி இல்ல, சேர். ஒரு கதிர ஈக்கி. கை வெச்ச கதிர. எலக்கம் பதினேழு."

"ஆடுற கதிரையோ?"

"எழுத்தில ஒண்டும் இல்ல."

"வேலை எப்பிடி?"

"ஒரே எடத்தில ஈக்க ஓணும், சேர். ஆர் என்ன கேட்டாலும் ஒண்டும் சொல்லப்படாது."

நமசிவாயம் கைலேஞ்சியை மூக்கிலிருந்து எடுத்தார்.

"அனுபவம் இருக்கு," என்றார்.

ஆகவே, அடுத்தமுறை ஏதாவதொரு கந்தோருக்கு நீங்கள் போகும்போது, மேசைக்குப் பின்னால் இருப்பவர் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் கோபிக்க வேண்டாம். முதலில் குனிந்து, அவருடைய சப்பாத்துக் குதியில் வெள்ளைப் பெயின்ற்றில் இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். குனிந்த கையோடு உங்களுடைய குதியையும் பார்த்துக்கொள்வது நல்லது. காலையிலிருந்து அந்த வரிசையில் அசையாமல் நிற்கிறீர்கள். கணக்கெடுப்புக்காரர் அந்தப் பக்கமாக வந்து போயிருக்கவும் கூடும்.